99 டொலர் நினைவேடு

மறதி மனிதருக்கு இயற்கை. அதனை வெல்வதற்கு அவர்கள் கண்ட உபாயங்களோ பல. சேலைத் தலைப்பில் முடிச்சிடுதல், பால்காரனின் கணக்கைக் கதவின் பின்புறத்திற் கரியாற் கீறுதல், கலண்டர்த் தாளின் ஓரத்தில் ஒரு சொல் எழுதிவைத்தல் ஆகிய யாவும் அத்தகைய உபாயங்களே. உத்தியோகம் பார்ப்போர் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் குறிப்புப் புத்தகத்தின் இடத்தைப் பிடிப்பதற்கு ஒரு சிறு கணினி புறப்பட்டது. உள்ளங்கையில் அடங்குவதும், நாட்குறிப்பையும் விலாசங்களையும் சுமப்பதுமான அக்கருவியைக் கையடக்க நினைவேடு என நாம் அழைக்கலாம்.

இன்று கைத்தொலைபேசி அதனை முற்றாக விழுங்கிவிட்டது. அங்ஙனமாயின் வழக்கொழிந்த ஒரு கருவியைப் பற்றி இப்பொழுது ஆராய்வானேன் என்று வாசகர் வினவலாம். அக்கருவிகளுள் மிக மலிவாக விற்கப்பட்ட ஒன்றின் குணங்களையும் குறைகளையும் நிறுத்துப் பார்ப்போமாயின், ஒரு பொருள் எவ்வாறு மலிவாகின்றது, அம்மலிவினால் யார் பயனடைகின்றார், யார் நட்டமடைகின்றார் என்பவை தெளிவாகும். பிள்ளைகளின் படிப்புக்கென ஏதேனும் ஒரு கருவியை வாங்க எண்ணும் பெற்றோருக்கும், அதனைக் கேட்டு நிற்கும் மாணவருக்கும் அந்தத் தெளிவு என்றும் வேண்டற்பாலது.

மரக்கட்டையிற் பிறந்த கருவி

1992ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், ஜெவ் ஹோக்கின்ஸ் என்பவர் பாம் என்னும் கொம்பனியைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டில் அப்பிள் கொம்பனி நியூற்றன் என்னும் கையேட்டுக் கணினியை 699 டொலர் விலைக்கு வெளியிட்டது. எவருடைய கையெழுத்தையும் அது தானே வாசித்து அறிந்துகொள்ளும் என்று பெரிதாக எடுத்துரைக்கப்பட்டது. ஆனால் ஆரம்பத்தில் அது சொற்களைப் பிழைபட வாசித்தமையாற் பத்திரிகைகளின் பரிகாசத்துக்கு இலக்காயிற்று. சட்டைப் பையில் அடங்காத அதன் பருமனும், சாதாரண மக்களுக்கு எட்டாத அதன் விலையும் அதற்கு மேலும் பாதகமாயின.

இத்தோல்வியைக் கண்ட ஹோக்கின்ஸ் வேறு வழியிற் சிந்தித்தார். சட்டைப் பையின் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, அதனை எங்குஞ் சுமந்து திரிந்தார். யாரேனும் ஒரு சந்திப்பைப் பற்றிப் பேசினால் அம்மரக்கட்டையை வெளியே எடுத்து, அதிலே குறிப்பெழுதுவது போலப் பாவனை செய்து பார்த்தார். ஒரு மனிதன் நாளாந்தம் அத்தகைய பொருளை எத்தனை தடவை எடுக்கின்றான், எதற்காக எடுக்கின்றான், எவ்வளவு நேரம் அதிலே செலவிடுகின்றான் என்பவற்றை அவர் இவ்வாறு அறிந்துகொண்டார். பையில் அடங்கவேண்டும், 299 டொலருக்கு மேற்படலாகாது, எடுத்தவுடன் விரைவாக இயங்கவேண்டும், வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணினியுடன் எளிதில் இணங்கவேண்டும் என்னும் நான்கு விதிகளை அவர் வகுத்தார். 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த பைலற் 1000 என்னுங் கருவி அவ்விதிகளின் பயனே. அதன் விலை 299 டொலர். அதன் நினைவகமோ 128 கிலோபைற்று மாத்திரமே.

கையெழுத்துப் பிரச்சினைக்கு ஹோக்கின்ஸ் கண்ட தீர்வு ஆசிரியத் தொழில் செய்யும் எம்மைப் போன்றோரின் கவனத்துக்குரியது. பொறி மனிதரின் எழுத்தைக் கற்பதிலும், மனிதர் பொறியின் எழுத்தைக் கற்பது இலகு என்று அவர் துணிந்தார். கிராபிற்றி என்னும் அவ்வெழுத்து முறையில் ஏறக்குறைய எல்லா எழுத்துகளையும் கோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதவேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை நடுக்கோடின்றிக் கூரை போல வரைந்தாற் போதும். எழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதவேண்டியதில்லை. திரையின் அடியிலுள்ள ஒரு சிறு கட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதலாம். கட்டத்தின் இடப்பாகம் எழுத்துகளுக்கும் வலப்பாகம் எண்களுக்கும் உரியவை. சிறிது பயிற்சியுடன் இம்முறை பலருக்குக் கைவந்தது.

சயர் பிறந்த காரணம்

பைலற்றும் அதன் வழிவந்த கருவிகளும் நன்கு விற்பனையாயின. ஆயினும் அவற்றை வாங்கியோர் பெரும்பாலும் வர்த்தகரும் உயர் உத்தியோகத்தருமே. கடதாசிக் குறிப்பேட்டுடன் திருப்தியடைந்திருந்த குடும்பப் பெண்கள், மாணவர், சிறு தொழில் செய்வோர் ஆகியோரை அக்கருவி எட்டவில்லை. அவர்களைக் கவரும் நோக்குடன் பாம் கொம்பனி 2002ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சயர் என்னும் வெண்ணிறக் கருவியை வெளியிட்டது. அதன் விலை 99 டொலர். அதே மாதத்தில் அதே கொம்பனி வெளியிட்ட டங்ஸ்டன் டி என்னும் உயர்தரக் கருவி 499 டொலருக்கு விற்பனையாயிற்று என்பதை நோக்க, இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும்.

விலையை ஐந்திலொரு பங்காகக் குறைக்கவேண்டுமெனில் எதனையேனும் நீக்கத்தானே வேண்டும்? சயரில் வர்ணத் திரை இல்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களே உண்டு. திரைக்குப் பின்னால் ஒளி இல்லை. நினைவகம் 2 மெகாபைற்று, டங்ஸ்டனிலோ 16. மேலதிக நினைவு அட்டை செருகுவதற்குத் துவாரம் இல்லை. ஏனைய பாம் கருவிகளில் நான்கு பொத்தான்கள் இருக்க, இதில் நாட்குறிப்புக்கு ஒன்றும் விலாசங்களுக்கு ஒன்றுமாக இரண்டே உண்டு. கணினியருகே கருவியை நிறுத்திவைக்குந் தொட்டில் இல்லை. ஒரு கம்பி மாத்திரமே கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய 110 கிராம் நிறையுள்ள இச்சிறு பொருளை, வாங்கத் தகுந்ததா, தகாததா என எவ்வாறு தீர்மானிப்பது?

குணங்கள்

முதலாவது குணம் விரைவு. மேசைக் கணினியைத் திறந்து அது விழித்தெழும் வரை காத்திருந்தோருக்கு இக்கருவி ஓர் ஆச்சரியம். பொத்தானை அழுத்திய கணமே அன்றைய நாட்குறிப்பு கண்முன் நின்றது. அதன் செயலி 16 மெகாஹேற்ஸ் வேகத்தை மாத்திரமே உடையதாயினும், செய்யவேண்டிய வேலை சிறிது. அச்சிறு வேலைக்கு அவ்வேகம் போதுமானது. குறைந்த பலத்தைக் கொண்டு குறைந்த வேலையைச் செவ்வனே செய்தல் என்பது ஒரு நற்குணமே.

இரண்டாவது குணம் போதுமான கொள்ளளவு. 2 மெகாபைற்று என்பதைக் கேட்டு இக்காலத்து மாணவர் நகைக்கக்கூடும். ஆனாற் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று வேண்டும். ஒரு பக்கத்தில் 2,000 எழுத்துகள் என்று கொண்டால், 2 மெகாபைற்றில் ஏறக்குறைய 1,000 பக்கங்கள் அடங்கும். கருவி தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாலும் எஞ்சுவது பல நூறு பக்கம். ஒரு பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகிய மூன்றுக்குஞ் சேர்த்து 200 எழுத்துகள் என்றால், 1,000 பேரின் விபரம் மொத்த இடத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையே பிடிக்கும். படங்களும் பாட்டுகளும் வேண்டாதவருக்கு இது குறைந்த இடமன்று.

மூன்றாவது குணம் கணினியுடன் ஒத்திசைதல். கம்பியை இணைத்து ஒரு கட்டளை கொடுத்தவுடன், கருவியிற் புதிதாக எழுதியவை கணினிக்கும், கணினியில் எழுதியவை கருவிக்குஞ் சென்று, இரண்டிலும் ஒரே பிரதி நிலைத்தது. கடதாசிக் குறிப்பேடு தொலைந்தால் அது தொலைந்ததே. இங்கோ, கருவி தொலைந்தாலும் உள்ளடக்கம் கணினியில் உயிரோடிருந்தது. மேலும், இரு கருவிகளை எதிரெதிரே பிடித்து, கண்ணுக்குத் தோன்றாத செங்கீழ்க் கதிரின் துணையால் ஒரு விலாசத்தையோ குறிப்பையோ மற்றவருக்கு அனுப்பவும் இயன்றது.

நான்காவது குணம் சொல்லாமற் சொல்லப்படவேண்டியது. அக்கருவி எவரையும் இடையிற் கூப்பிடவில்லை. இணையத்தில் இணைக்கும் வசதி அதிற் பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஆகையால் அது தன்னை உடையவன் எழுதியதையே அவனுக்குத் திருப்பிக் காட்டியது. படிக்கும் மாணவனின் கவனத்தை நாழிகைக்கொரு தரம் பறிக்கும் இக்காலக் கருவிகளுடன் ஒப்பிட, இந்த மௌனத்தின் அருமை விளங்கும்.

குறைகள்

குறைகளை எடுத்துரைக்கும்போது, இல்லாதவை யாவுங் குறையாகா என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். வர்ணம் இல்லாமை அழகுக் குறைவேயன்றிப் பயன் குறைவன்று. இரண்டு பொத்தான்கள் இல்லாமை விரலுக்குச் சிறிது வேலை கொடுத்தது, அவ்வளவே. ஆனால் திரையில் ஒளி இல்லாமையோ மெய்யான குறை. அத்திரை வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் வகையினது. நல்ல வெயிலில் அது தெளிவாகத் தெரியும். மாலை மங்கலிற் பேருந்தில் இருப்பவரும், இரவிற் படுக்கையருகே நாளைய வேலையைப் பார்க்க விரும்புபவரும் அதனை வாசிக்க இடர்ப்படுவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அஃதாவது 2000ஆம் ஆண்டில், அதே கொம்பனி 149 டொலருக்கு விற்ற எம் 100 என்னுங் கருவியிற்கூட ஒளி இருந்தது. ஆகவே இது நுட்பம் அறியாமையால் நேர்ந்த குறையன்று. விலைக்காக வேண்டுமென்றே விடப்பட்டது.

அடுத்த குறை மின்கலம். பழைய பாம் கருவிகள் கடையில் வாங்கக்கூடிய இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கின. தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சயரினுள்ளே மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய கலம் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. அடிக்கடி கலம் வாங்குஞ் செலவு இதனால் மிஞ்சியது உண்மை. ஆனால் அத்தகைய கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுக்குன்றும். பாவிப்பவர் தாமே அதனை மாற்றுதல் எளிதன்று. கலத்தின் ஆயுள் கருவியின் ஆயுளாயிற்று.

இவ்விரண்டினும் பெரிய குறை ஒன்றுண்டு. சயரில் நாம் எழுதுபவை யாவும் மின்சாரம் இருக்கும் வரையே நிற்கும் நினைவகத்தில் எழுதப்பட்டன. கருவியைச் சில வாரங்கள் மேசை இழுப்பறையில் மறந்துவிட்டால், கலம் முற்றாக வடிந்து, விலாசங்களும் நாட்குறிப்புகளும் ஒருங்கே அழிந்துபோகலாம். மறதிக்கு மருந்தாக வந்த பொருள் தானே அனைத்தையும் மறந்துவிடுவதை என்னென்பது! இக்குறை சயருக்கு மாத்திரம் உரியதன்று. அக்காலத்துப் பாம் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆனால் விலையுயர்ந்த கருவிகளில் நினைவு அட்டையிற் பிரதி எடுக்க வழியிருந்தது. சயரில் அவ்வழியும் அடைக்கப்பட்டிருந்தது.

எழுத்து முறையிலும் ஒரு பாடம் உண்டு. கிராபிற்றி தனது காப்புரிமையை மீறியதென்று செரொக்ஸ் கொம்பனி 1997ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. வழக்கு நீண்டது. 2003ஆம் ஆண்டில் பாம் தன் கருவிகளுக்கு வேறொரு எழுத்து முறையை ஏற்றுக்கொண்டது. பழைய முறையைப் பாடுபட்டுப் பழகியோர் புதுக் கருவி வாங்கியபோது சில எழுத்துகளை மறுபடியும் பழகவேண்டியவராயினர். பள்ளியிற் கற்ற கையெழுத்தை எவரும் நம்மிடமிருந்து திரும்பப் பெறமுடியாது. ஒரு கொம்பனியிடமிருந்து கற்ற கையெழுத்தோ அக்கொம்பனியின் வழக்குடனும் வாழ்வுடனும் பிணைந்தது.

தமிழ் வாசகர் அறியவேண்டிய ஒன்றையுங் கூறுதல் தகும். இக்கருவியோடு வந்த எழுத்துகளுள் தமிழ் இல்லை. நம்மவர் ஒருவர் அதில் உறவினரின் பெயர்களைக் குறிக்க விரும்பினால் உரோம எழுத்தையே நாடவேண்டும். அங்கே லகரம், ளகரம், ழகரம் என்னும் மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்; வல்லியும் வள்ளியும் வேறுபாடின்றி நிற்பர். பெயரை நினைவூட்டும் பொறி பெயரின் எழுத்தைக் காக்கத் தவறியது.

விலைச்சீட்டில் இல்லாத விலை

இதுகாறும் கூறிய குணங்களையும் குறைகளையும் ஒரு தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்ப்போமாயின், தராசு எல்லோருக்கும் ஒரே பக்கமாகச் சாயாது என்பது புலப்படும். இதற்கு இரண்டு மாணவரை மனத்திற் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாம் மாணவனின் வீட்டிற் கணினி உண்டு. அவன் இரண்டு நாளைக்கு ஒருமுறை சயரைக் கணினியுடன் இணைக்கின்றான். மின்கலம் வடிந்து கருவி வெறுமையானாலும், மின்னேற்றி மீண்டும் இணைத்தவுடன் யாவுந் திரும்ப வந்துவிடுகின்றன. கருவி உடைந்தாலும் அவன் இழப்பது 99 டொலர் மாத்திரமே. இரண்டாம் மாணவனின் வீட்டிற் கணினி இல்லை. மலிவானது என்பதனாலேயே அவனுடைய பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்து அதனை வாங்கிக் கொடுத்திருக்கின்றனர். அவனுக்குப் பிரதி இல்லை. பரீட்சைக் காலத்தில் ஒரு வாரம் மின்னேற்ற மறந்தால், ஓராண்டுக் குறிப்பு முழுவதும் போய்விடக்கூடும்.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கின்றது. கருவி ஒன்றே, விலையும் ஒன்றே. ஆயினும் அதன் குறை வசதியுள்ளவனைத் தீண்டாது, வசதியற்றவனையே தாக்குகின்றது. 99 டொலர் என்று விலைச்சீட்டில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் பின்னால் அதனினும் பன்மடங்கு விலையுள்ள ஒரு கணினி எழுதப்படாமல் நின்றது. யாரை எண்ணி விலை குறைக்கப்பட்டதோ அவர்களுள் எளியவர்க்கே அப்பொருள் அபாயம் மிகுந்ததாயிற்று. இதனை விற்றோர் வஞ்சகர் என்று நாம் கூறவரவில்லை. வாங்குபவர் வீட்டிற் கணினி இருக்கும் என்னும் எண்ணத்தின் மீதே அக்கருவியின் அமைப்பு முழுவதும் நின்றது. அமெரிக்க நாட்டில் அது பெரும்பாலும் பொருந்திய எண்ணமே. பொருந்தாத வீட்டில் அக்கருவி நுழையும்போதுதான் தீங்கு நேர்கின்றது.

மூன்று ஆண்டுகளின் பின்

அதே விலையிற் பின்னர் வந்தவற்றை நோக்குதலும் பயனுடையது. 2003ஆம் ஆண்டில் சயர் 21 என்னுங் கருவி 99 டொலருக்கே வந்தது. நினைவகம் 8 மெகாபைற்றாயிற்று. செயலியின் வேகம் 126 மெகாஹேற்ஸ் ஆயிற்று. ஆனால் ஒளி அப்பொழுதும் இல்லை. நினைவகம் அப்பொழுதும் மின்சாரத்தை நம்பியே நின்றது. எண்களாற் பெருமை பேசக்கூடியவை வளர்ந்தன. இருளில் வாசித்தலும் எழுதியது நிலைத்தலுமாகிய அடிப்படைத் தேவைகள் காத்திருந்தன. 2005ஆம் ஆண்டு ஒக்ரோபரில் சீ 22 என்னும் பெயருடன், மறுபடியும் 99 டொலருக்கு ஒரு கருவி வந்தது. அதிலே வர்ணத் திரையும் இருந்தது, ஒளியும் இருந்தது, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமும் இருந்தது. முன்னையதைப் பொறுமையுடன் பார்த்துக் காத்திருந்தவர், அதே பணத்துக்கு அதன் பெருங்குறைகள் நீங்கிய பொருளைப் பெற்றனர்.

ஆனாற் காலம் வேறொரு திசையிற் சென்றது. தொலைபேசியும் நினைவேடும் ஒரே கருவியாக இணையத் தொடங்கியிருந்தன. 2007ஆம் ஆண்டில் அப்பிள் கொம்பனியின் ஐபோன் வந்தபின் தனி நினைவேட்டுக்கு இடமில்லாது போயிற்று. பாம் கொம்பனி 2010ஆம் ஆண்டில் எச்.பி. கொம்பனிக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டிலேயே அவ்வழிவந்த கருவிகளின் உற்பத்தி கைவிடப்பட்டது.

எமது முடிவு

சயர் நல்ல கருவியா என்று எம்மிடங் கேட்டால், கணினியுள்ள வீட்டுக்கு அது நல்ல கருவி. கணினியில்லாத வீட்டுக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பென்சிலும் அதனினுஞ் சிறந்தவை என்றே விடை கூறுவோம். கொப்பிக்கு மின்கலம் வேண்டாம். பத்து ஆண்டு அலமாரியிற் கிடந்தாலும் எடுத்து வாசிக்கலாம். ழகரமும் அதிற் பத்திரமாக இருக்கும்.

இக்காலத்து மலிவான கைத்தொலைபேசிக்கும் இவ்விதி பொருந்தும். அதன் விலைக்குப் பின்னால் மாதந்தோறும் வாங்கவேண்டிய இணையச் சேவை நிற்கின்றது. ஒரு கணக்கும் இரகசியச் சொல்லும் நிற்கின்றன. சொல்லை மறந்தாலோ, சேவைக்குப் பணமில்லாது போனாலோ, பிள்ளையின் குறிப்புகளும் குடும்பத்தின் படங்களும் எங்கே நிற்கும்?

ஆதலால், எந்தக் கருவியையும் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. விலையைக் குறைப்பதற்காக இதில் எதனை விட்டிருக்கின்றனர்? விடப்பட்டது நமக்கு அழகா, அன்றி அவசியமா? இது வேலை செய்வதற்கு நம்மிடம் இல்லாத வேறெந்தப் பொருள் வேண்டும்? இம்மூன்றுக்கும் கடைக்காரரின் விளம்பரத்தில் விடை இராது. வீட்டிலுள்ளோர் கூடியிருந்து தாமே விடை காணவேண்டும். பிள்ளைகளையும் அந்த ஆலோசனையிற் சேர்த்துக்கொள்வது சிறப்பு. கணக்குப் பாடத்திற் கற்கும் கூட்டலுங் கழித்தலும் வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு, இதனிலும் நல்ல விடை வேறில்லை.